முரசுமோட்டையிலிருந்து வரும் பெண் ஊழியர் ஒருவர்

மற்றவர்கள் தங்கள் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. சொல்லும்போது சுகமான வேலை போலத்தான் இருக்கும், செய்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். உங்களில் யாராவது கேள்விக்கொத்தும் கையுமாக வன்னி வெயிலில் அலைந்து, "இன்னொரு கணக்கெடுப்போ?" என்ற கேள்வியோடு படலை சாத்தப்படுவதைக் கண்டிருந்தால், நீங்கள் என் இனம். கிட்ட வந்து இருங்கோ, கொஞ்சம் கதைப்பம்.

இது ஒரு தையல் ஆலையில் நடந்தது. ஆட்கள் ஏன் நிலைத்து நிற்காமல் போய்விடுகிறார்கள் என்று அறிய நிர்வாகம் ஆசைப்பட்டது. கொழும்பிலுள்ள ஆய்வுக் குழு ஒன்று அதைப் பொறுப்பெடுத்தது. வேலைத்தள உளவியல் என்று அதற்குப் பெயர். குழுவின் தலைவரான பேராசிரியர் கொழும்பிலேயே இருந்தார். வெயிலில் காய்வதற்கு என்னைப் பிடித்தார்கள். ஆலையின் பெயரையும் இடத்தையும் நான் சொல்லப் போவதில்லை. எதைச் சொல்லக்கூடாது என்று நான் படித்த கதைதான் இது.

ஒன்று முதல் ஐந்து வரை

கேள்விக்கொத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஐந்து பெட்டி. முற்றாக மறுத்தால் ஒன்று, முற்றாக ஒத்துக்கொண்டால் ஐந்து. "இந்த ஆலையில் என் கருத்துக்கு மதிப்பு உண்டு" என்று நான் வாசிப்பேன், அவர்கள் இலக்கம் சொல்ல வேண்டும். கன்ரீனின் மூலையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் தந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம்.

முதல் நாள் சாப்பாட்டு நேரம் முடியப் போகும்போது எண்ணிப் பார்த்தேன். அத்தனை பேரும், அத்தனை கேள்விக்கும், மூன்று. மதிப்பு உண்டோ? மூன்று. களைப்பு உண்டோ? மூன்று. நாளைக்கே வேலையை விட்டுப் போக நினைப்பதுண்டோ? அதற்கும் மூன்று. எனக்கு விசர் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நானும் கொஞ்சம் கத்திவிட்டேன். "ஏன் எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி மூண்டு மூண்டு எண்டுறியள்?" என்று, அப்போது எனக்கு முன்னால் இருந்த நசீமாவிடம் கேட்டேன். மூன்றாம் லைனில், அதாவது மூன்றாவது மெசின் வரிசையில், கைப்பட்டி தைக்கிற பெண். கதை சுருக்கென்று இருக்கும். சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னாள்: "மிஸ், அஞ்சு போட்டால் பொய், ஒண்டு போட்டால் வேலை போயிடும், மூண்டைப் போட்டிட்டு என்னைச் சாப்பிட விடுங்கோ."

எவடம்?

படிவத்தில் பெயர் எழுதக்கூடாது. இது பேராசிரியரின் கட்டளை. நல்ல கட்டளைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் கதை பெயரில் தொடங்குவதில்லையே. "நீங்கள் எவடம்?" என்பதில்தான் தொடங்கும். பளை என்றேன். பளையில் எந்தப் பக்கம்? ஆற்றை மகள், தகப்பன் யார்? இத்தனைக்கும் மறுமொழி சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பவரின் வாய் திறக்கும். பிறகு நான் திருப்பிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் மரியாதை இல்லை. அப்படிக் கேட்டதைப் படிவத்தின் மூலையில் பென்சிலால் குறித்து வைத்தேன். பெயர் இல்லாத படிவங்களை ஒன்றோடொன்று குழப்பாமல் இருக்க நானே கண்டுபிடித்த வழி. அதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டாம் நாள் தவமலரக்கா வந்தார். நசீமாவின் லைன்தான், கொலர் தைக்கிறவர். சுற்றிவர இருந்த பெட்டைகளுக்கு நடுவில் அவருக்கு மட்டும் நாற்பது தாண்டியிருக்கும். முரசுமோட்டை. கணவர் உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து முதுகில் அடி, வயலுக்குப் போக ஏலாது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அவருடையது. ஆலையில் அவருக்கு ஒரு வருட ஒப்பந்தம், அது அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதெல்லாம் அவரே சொன்னது. சொல்லிவிட்டு, படிவத்தின் தலைப்பை விரலால் தடவிப் பார்த்து, "பேர் போடமாட்டியள்தானே?" என்று கேட்டார். "சத்தியமாப் போடமாட்டன் அக்கா" என்றேன். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "பேர் போடாட்டிச் சரி, எழுதுங்கோ, எனக்கு மூண்டு இல்லை, எல்லாத்துக்கும் ஒண்டு."

பாஸ் காட்

மூன்றாம் லைனில் முப்பத்தெட்டுப் பேர். அவர்களுக்குக் கழிவறைக்குப் போக ஒரேயொரு பாஸ் காட், அனுமதி அட்டை. அது சூப்பவைசரின் சட்டைப் பொக்கெற்றில் இருக்கும். வேண்டியவர் எழும்பிப் போய், எல்லாரும் பார்க்க, கேட்க வேண்டும். அவர் முதலில் மணிக்கூட்டைப் பார்ப்பார். பிறகு மணிக்கு எத்தனை கொலர் என்று எழுதித் தொங்குகிற பலகையைப் பார்ப்பார். அதன் பிறகுதான் கேட்டவரைப் பார்ப்பார். "இப்பதானே ஒராள் போனது" என்பார். அவ்வளவுதான், திரும்பிப் போய்க் கதிரையில் இருக்க வேண்டியதுதான்.

தவமலரக்கா பத்து நிமிடத்தைத் தாண்டிப் பதினைந்து நிமிடம் கதைத்தார். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். சில இடங்களில் எனக்கு முகம் சிவந்து, பேனா நின்று, பிறகு ஓடியது. மணி அடித்ததும் எழும்பினார். மேசையில் நான் எடுத்து வைத்திருந்த தண்ணீர்க் கிளாஸ் தொடாதபடி அப்படியே இருந்தது. குடிச்சிட்டுப் போங்கோ அக்கா என்றேன். "தண்ணி குடிச்சால்தானே காட் கேக்கவேணும், நான் காலமையில குடிக்கிறதையே விட்டிட்டன் மிஸ்."

நல்ல தமிழ்

ஊழியர்கள் வாயால் சொன்ன கருத்துகளைத் திருத்தமான தமிழில் அனுப்ப வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்து எழுதினேன். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒருவர் வயிறெரிந்து சொன்னதை எடுத்து, கழுவி, மடித்து, இஸ்திரிக்கை போட்டு வைப்போம். "சாகிறம்" என்றது "சிரமத்தை எதிர்கொள்கின்றனர்" ஆகிவிடும். "நாயை விடக் கேவலமா நடத்துறான்" என்றது "மேற்பார்வை அணுகுமுறையில் முன்னேற்றத்துக்கு இடமுண்டு" ஆகிவிடும். நான் அதில் கெட்டிக்காரி.

தவமலரக்கா சொன்னதையும் அப்படித்தான் இரண்டு வரியில் அடக்கினேன். கருத்துச் சொன்னவர் யார் என்று ஒரு சின்ன அறிமுகம் இருந்தால் நல்லது என்று பேராசிரியர் கேட்டார், பெயர் வேண்டாம், சும்மா ஒரு சாடை. மூலையில் பென்சிலால் கிடந்ததை எடுத்து எழுதினேன்: "மூன்றாம் லைனில் பணியாற்றும், முரசுமோட்டையிலிருந்து வரும் பெண் ஊழியர் ஒருவர்." அன்று பின்னேரமே தொலைபேசியில் பாராட்டு வந்தது. "பிள்ளை, இப்பதான் இந்த அறிக்கைக்கு ஒரு உயிர் வந்திருக்கு."

அனுப்பியாச்சு

நான்கு நாள் கழித்து, பஸ்ஸுக்குள் நின்றபடி அறிக்கையின் பிரதியைப் போனில் வாசித்துக்கொண்டு போனேன். அந்த வசனம் வந்தது. முதலில் ரசித்தேன். மானம் கெட்டதைச் சொல்கிறேன், உண்மையாகவே ரசித்தேன். இரண்டாம் தரம் ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். மூன்றாம் லைன். முரசுமோட்டை. பெண். கடவுளே! அந்த லைனில் இருக்கிற யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆளைக் காட்டுவார்களே.

இறங்கவேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி, வீதியோரத்தில் நின்று பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். "சேர், அந்த வசனத்தை உடன எடுக்கவேணும்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பெயர் இல்லையே, வயது இல்லையே, ஊர் மட்டும்தானே என்றார். "சேர், ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. அந்த மனுசிக்கு இந்த மாதக் கடைசியில ஒப்பந்தம் முடியுது. வேலை போனால் அந்த வீட்டில அடுப்பெரியாது" என்று ஏறக்குறைய அழுதேன். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "ஐயோ பிள்ளை, நான் நேற்றே அதை ஆலைக்கு அனுப்பிப் போட்டன்."

குளிர் அறை

அடுத்த நாள் காலை மனிதவள அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வவுனியாப் பொடியன், வந்து மூன்று மாதம் ஆகவில்லை, மரியாதையான ஆள். தேத்தண்ணி எடுப்பித்தார். அந்தக் குளிர் அறைக்குள் எனக்கு வியர்த்தது. மேசையில் அறிக்கை திறந்து கிடந்தது, என் வசனத்தின் மேல் மஞ்சள் மை பூசியிருந்தது.

"இது ஆர் மிஸ்?" என்றார். சொல்லக்கூடாது என்றேன். தண்டிக்கக் கேட்கவில்லை, குறை இருந்தால் தீர்க்கத்தான் என்றார். அப்படியென்றால் அந்தப் பாஸ் காட்டை ஆணியில் கொழுவிவிட்டால் போதுமே, ஆள் எதற்கு என்று கேட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. அவர் முகம் மாறியது. மேலிடத்தில் கேட்கிறார்கள், சூப்பவைசர் தன் மேல் பொய் சொல்லியிருக்கிறது என்று நிற்கிறார், தனக்கு ஒரு பதில் வேண்டும் என்றார். கோப்புகளில் பார்த்தாராம், விலாசம் எல்லாம் பழசாம், சூப்பவைசருக்கும் ஆட்களின் ஊர் தெரியாதாம். நாளைக்கு லைனுக்குப் போய் நேரே கேட்கப் போகிறாராம், நானும் கூட வரவேண்டுமாம். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் அறிக்கையை மூடி வைத்தார். "நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை மிஸ், சொல்லவேண்டியதை ஏற்கெனவே எழுதிப்போட்டியள்."

வாசலில்

வேலை விடும்வரை ஆலை வாசலில் காத்து நின்றேன். ஓடிப்போய்விடலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. தவமலரக்கா வந்தார். கையில் சோற்றுப் பெட்டிப் பை. என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியதாகிப் போச்சு.

எல்லாவற்றையும் சொன்னேன். ஊரை எழுதியது, அது போய்ச் சேர்ந்தது, நாளைக்கு அதிகாரி லைனுக்கு வருவது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சின்னவளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும், அதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்தேன் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி என் பக்கம் திரும்பினார். "பேரைப் போடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு ஊரைப் போட்டிருக்கிறியள், இஞ்ச ரெண்டும் ஒண்டுதான் எண்டு பளைக்காரிக்குத் தெரியாதோ?"

எந்த ஊர்

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி கொப்பியோடு மூன்றாம் லைனுக்கு வந்தார். பின்னால் சூப்பவைசர், அவருக்குப் பின்னால் நான். லைனின் தலைப்பிலிருந்து தொடங்கி, மெசின் மெசினாக, "நீங்கள் முரசுமோட்டையோ?" என்று கேட்டார். தவமலரக்கா லைனின் கடைசிக்குக் கிட்ட இருந்தார், தலை நிமிரவில்லை.

முதல் பெண், பிறந்தது வற்றாப்பளை, கலியாணம் முடித்தது முரசுமோட்டையில், இப்போது இருப்பது தாயோடு வேறிடம் என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்தவளின் அடையாள அட்டையில் முரசுமோட்டை, ஆள் அங்கிருந்து வெளிக்கிட்டுப் பத்து வருடமாகுதாம். அடுத்தவள் முகாமிலிருந்து வந்து மாமன் வீட்டில் மூன்று வருடம் அங்கே இருந்திருக்கிறாள், வாக்காளர் பதிவு இன்னும் அங்கேதான். இன்னொருத்திக்குத் தகப்பன் வழிக் காணி அங்கே, அதனால் அதுதான் சொந்த ஊராம். இது இரவோடு இரவாகப் பேசி வைத்துச் செய்ததோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒருத்தி சொன்னதுகூடப் பொய்யில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, இங்கே ஒரே ஊரில் இருந்தவர் என்று யார் இருக்கிறார்கள்? அரைவாசி லைனுக்குள் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதிகாரி பேனாவால் கொப்பியில் தட்டினார். "நான் கேக்கிறது லேசான கேள்வி, உங்கட ஊர் எது?" என்று நசீமாவிடம் கத்தினார். முல்லைத்தீவில் பிறந்து, கைக்குழந்தையாகப் புத்தளம் போய், வளர்ந்து, கலியாணம் முடித்துத் திரும்பி வந்தவள் அவள். மெசினை நிறுத்தாமலே மறுமொழி சொன்னாள்: "சேர், நீங்கள் எந்த வருசத்து ஊரைக் கேக்கிறியள்?"

சொன்னது

யாரோ சிரித்துவிட்டார்கள். அதில்தான் காரியம் பிழையாகப் போச்சு. அதிகாரி சிவந்து போய்ப் பட்டியலை உயர்த்திக் காட்டினார். சரி, ஆள் தெரியும்வரை இதில் இருக்கிற பதினான்கு பேரின் ஒப்பந்தத்தையும் நிறுத்தி வைக்கிறேன் என்றார். மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஒருவரும் தைக்கவில்லை. கடைசிக்குக் கிட்ட ஒரு மெசின் நின்றது. தவமலரக்கா எழும்பினார். "அந்தப் பிள்ளையளை விடுங்கோ. நான்தான் சொன்னனான்."

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓம் என்றால் சத்தியம் போகும், இல்லை என்றால் தவமலரக்கா பொய்க்காரி ஆவார். நான் பேசாமல் நின்றேன். தவமலரக்காவே நடந்து வந்தார். "என்னெண்டு எழுதியிருக்கு? வாசியுங்கோ மிஸ், நானும் கேப்பம்" என்றார். அதிகாரி அறிக்கையை என் கையில் தந்தார். வாசித்தேன். முப்பத்தெட்டுப் பேருக்கும் முன்னால், நான் கெட்டிக்காரத்தனமாக எழுதிய அந்த இரண்டு வரி: "வேலை நேரத்தில் நீர் அருந்துவதைத் தாம் தவிர்த்து வருவதாகவும், கழிவறை அனுமதி நடைமுறையை மேலும் மேம்படுத்தலாம் எனவும் கருத்துத் தெரிவித்தார்."

தவமலரக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முந்தின நாள் பஸ் படியில் பார்த்தது அதற்குக் கால்தூசு. ஊரை எழுதியதற்கு அவருக்கு வந்தது கவலை. இதற்கு வந்தது கோபம். "இதுக்கோ என்ர வேலை போகப்போகுது? நான் இப்பிடியோ சொன்னனான்?" என்றார். இல்லை என்றேன், இந்த முறை வாய் திறந்து. அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். குரல் கடைசி மெசின் வரை கேட்டது. சூப்பவைசரின் கை தன்பாட்டில் சட்டைப் பொக்கெற்றுக்குப் போனது. "போன பங்குனியில மூண்டு தரம் காட் கேட்டுத் தரேல்லை, மெசினில இருந்தபடியே நனைஞ்சுபோனன், அந்த உடுப்போட பின்னேரம் மட்டும் கொலர் தைச்சனான் எண்டுதான் நான் சொன்னனான், எழுதுறதெண்டால் அதை எழுதுங்கோ."

பிறகு

காட் இப்போது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது. பதினான்கு பேரின் ஒப்பந்தமும் நீட்டப்பட்டது. தவமலரக்காவுக்கும் நீட்டினார்கள், மற்றவர்களுக்கு ஒரு வருடம், அவருக்கு மூன்று மாதம். அது முடிய என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதித் திருத்திய அறிக்கைக்கு அனுப்பினேன். இப்படியான சொற்கள் ஆய்வுக்குப் பொருந்தாது என்று பேராசிரியர் முழு வசனத்தையும் வெட்டிவிட்டார். நான் மீண்டும் அனுப்பினேன், அவர் மீண்டும் வெட்டினார். அதற்குப் பிறகு எனக்கு வேலை வரவில்லை. தவமலரக்கா வீதியில் கண்டால் என்னோடு கதைக்கிறார், ஆனால் என் கையில் பேனா இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறார்.

அவருடைய பெயரை ஒளிக்கச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள், அதைச் செய்யத் தெரியாத நான், ஒருவரும் கேட்காமலே, அவர் சொன்னதை எவ்வளவு திறமாக ஒளித்து வைத்திருந்தேன்.